மாற்றார் மதம் கேட்ட மரபு

பட்டினப்பாலையைப் பாடிய புலவர், காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் பறந்த கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுமிடத்து, தெய்வம் உறையும் வாயில்களில் பலரும் தொழும்படி ஏற்றிய கொடியையும், துறையிலே கட்டுண்டு அசையும் மரக்கலங்களின் கூம்பின்மேல் ஆடும் கொடியையும், மீனும் இறைச்சியும் பொரியும் மணம் கமழும் கள் மனைகளின் கொடியையும் கூறி, அவற்றோடு ஒருங்கே, கேள்வி முற்றிய நல்லாசிரியர்கள் வாதத்துக்கு வருவார் வருக என்று அறிவித்து உயர்த்திய கொடியையும் வைத்து எண்ணுகிறார். கல்விமான்களின் கொடியைக் கள்ளுக்கடைக் கொடியோடு சேர்த்து எண்ணியது அவ்வாசிரியர்களுக்கு இழுக்கென்று எவரேனும் கருதக்கூடும்; எனக்கோ அதுவே அந்நகரத்தின் பெருமையாகத் தோன்றுகிறது. வாதம் என்பது மடத்தின் உட்கூடத்தில் மாணாக்கர் நால்வர் மட்டும் கேட்க நிகழ்வதாக இராமல், பண்டம் வாங்க வந்தவனும் பாய்மரம் இறக்க வந்தவனும் வழியிலே கண்டு நின்று கேட்கத்தக்க வீதிக் காரியமாக அந்நாளில் இருந்தது என்பதற்கு அந்த ஒரு கொடியே போதிய சாட்சி.

அக்கொடியின் கீழ் எப்பொருள் பற்றி வாதித்தார்கள் என்பதைப் பட்டினப்பாலை கூறவில்லை. காப்பிய காலத்துக்கு வரும்போது அது தெளிவாகிவிடுகிறது. சிலப்பதிகாரம் காவிரிப்பூம்பட்டினமாகிய புகார் நகரத்தின் சிறப்புக்களைக் கூறும்போது, வச்சிர நாட்டு வேந்தன் திறையாகக் கொடுத்த பந்தரையும், அவந்தி வேந்தன் அளித்த தோரணவாயிலையும், இவற்றோடு மகத வேந்தன் கொடுத்த பட்டிமண்டபத்தையும் குறிப்பிடுகிறது. இவை சோழன் கரிகாலன் தன் வடநாட்டு யாத்திரையில் பெற்றவை என்ற இச்செய்தியைச் சரித்திரமாகக் கொள்ளுவதா கவியின் கற்பனையாகக் கொள்ளுவதா என்பது வேறு விஷயம்; ஆயினும், வாதமண்டபம் வேண்டுமானால் அது புத்தரும் மகாவீரரும் நடமாடிய மகதத்திலிருந்தே வரவேண்டும் என்று அக்கவி எண்ணியிருப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மணிமேகலையின் முதற் காதையில், இந்திர விழாவை அறிவிக்க யானையின்மீது முரசேற்றி வரும் வள்ளுவன், வீதிகளில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள் என்று சொல்லி வரும் அதே மூச்சில், தத்தம் சமயப் பொருளை வாதிக்க வல்லவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்றும், பகைவரோடாயினும் சினமும் கலகமும் விளைக்காமல் விலகிச் செல்லுங்கள் என்றும் சொல்லிவிடுகிறான். இருபத்தெட்டு நாள் நிகழும் விழாவில் சமயவாதமும் ஒரு நிகழ்ச்சி. கூத்துக்கும் பாட்டுக்கும் இடமிருந்ததுபோல அதற்கும் இடமிருந்தது. அதற்கு ஓர் ஒழுக்கவிதியும் இருந்தது.

இந்த மரபின் உயிர்நாடியைக் காண விரும்புகிறவர் அக்காப்பியத்தின் இருபத்தேழாம் காதையைப் படிக்க வேண்டும். சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்பது அதன் பெயர். மணிமேகலை வஞ்சிமாநகருக்குச் செல்லுகிறாள்; இளம்பெண், வளையணிந்தவள் என்று எண்ணி எவரும் தம் சமயத்தின் உட்பொருளை அவளுக்கு எடுத்துரைக்கமாட்டார்கள் என்று தெய்வம் முன்னரே அறிவுறுத்தியிருந்தமையால், ஒரு மாதவனின் வடிவத்தை மேற்கொண்டு, அங்குள்ள சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று, உம்முடைய தலைவன் யார், உம்முடைய நூல் கூறும் பொருள் யாது என்று வினவுகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி ஆகிய பதின்மரும் தத்தம் கொள்கையை உரைக்கிறார்கள். பௌத்தப் பெருங்காப்பியம் செய்யப் புகுந்த சாத்தனார், பௌத்தமல்லாத பத்துச் சமயங்களுக்கும் தம் ஏட்டில் இடங்கொடுத்து, பெரும்பாலும் அவற்றின்மேல் ஒரு குறையும் சொல்லாமல் கதாநாயகியை அடுத்த வாசலுக்கு அனுப்பிவிடுகிறார். பூதவாதி ஒருவனிடத்தில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கண்ணால் காண்பதன்றி அநுமானத்தை ஒப்பமாட்டேன் என்கிறவனை நோக்கி, உன் தாயையும் தந்தையையும் அநுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கும் கேள்வி, இன்றைக்கும் எந்தத் தர்க்க வகுப்பிலும் சொல்லத்தக்கது.

எல்லாச் சமயத்துக்கும் சாத்தனார் சமமான நீதி வழங்கினார் என்று சொல்ல முடியாது. பிரமாணங்களை விரிவாகப் பேசும் அளவைவாதிக்கு நீண்ட இடமும், சைவ வைணவ வாதிகளுக்குச் சில அடிகளும் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் ஆசீவகனுக்குக் கிடைத்த இடத்தை எண்ணிப் பாருங்கள். மற்கலியைத் தலைவராகக் கொண்ட ஆசீவகம், நிலம் நீர் தீ காற்று என்ற நால்வகை அணுக்களோடு உயிரையும் அணுவாகவே கொண்டு, கருமை முதல் வெண்மை ஈறான அறுவகைப் பிறப்பை வகுத்து, இன்பமும் துன்பமும் கருவிலேயே அமைந்துவிடுகின்றன என்று சாதித்த சமயம். அச்சமயத்தாரின் சொந்த ஆகமங்கள் ஒன்றும் இன்று உலகில் இல்லை. 1951-இல் ஆசீவகத்தைப் பற்றி விரிவான ஆங்கில நூல் எழுதிய ஏ. எல். பாஷாம் என்ற சரித்திராசிரியர், அவர்களுடைய தத்துவத்தை அறிவதற்கு மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்ற மூன்று தமிழ் நூல்களை நாடவேண்டியதாயிற்று. இம்மூன்றில் ஒன்று பௌத்தர் செய்தது, ஒன்று சமணர் செய்தது, ஒன்று சைவர் செய்தது. ஆசீவகர் செய்தது எதுவும் இல்லை. மறுப்பதற்காக எழுதிவைத்தவர்களே அதைக் காப்பாற்றிவைத்தார்கள். தமிழ்நாட்டுச் சமயவாதத்தின் வரலாற்றில் வெற்றி தோல்விகளைக் காட்டிலும் பெரிதாக நான் மதிப்பது இதுதான். கீழே எழுதுவன எல்லாம் இதையொட்டியே செல்லும்.

வாதத்துக்கு இலக்கணம் இருந்தது. உண்மையைக் காணும் பொருட்டு இருவர் நிகழ்த்துவது வாதம் என்றும், எப்படியாவது வெல்லவேண்டுமென்ற கருத்தோடு நிகழ்த்துவது ஜல்பம் என்றும், தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாமல் பிறன் கொள்கையை உடைப்பதே தொழிலாகக் கொள்ளுவது விதண்டை என்றும் நியாய சூத்திரக்காரர் பிரித்து, எந்தெந்த இடத்தில் ஒருவன் தோற்றவனாகக் கொள்ளப்படுவான் என்பதற்கு இருபத்திரண்டு நிலைகளையும் வகுத்துவைத்தார். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்த முனிவராகிய அறவணவடிகள் காஞ்சியிலே மணிமேகலைக்கு உபதேசிக்கும்போது, தர்மத்தைச் சொல்லுமுன் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புக்களையும் அவற்றில் நேரக்கூடிய போலிகளையும் நெடுகக் கற்பிக்கிறார். கவிச்சுவையை நாடிவருபவருக்கு அந்தக் காதை பாலைநிலமாகத்தான் இருக்கும். ஆனால், துறவு பூணப்போகும் ஒரு பெண்ணுக்கு முதலில் தர்க்கமே பாடம் என்று ஒரு கவி துணிந்து எழுதினால், அவர் காலத்துக் காஞ்சியில் வாதம் எத்துணை அன்றாடக் காரியமாக இருந்திருக்க வேண்டும்! ஏழாம் நூற்றாண்டில் அந்நகரத்துக்கு வந்த யுவான் சுவாங் என்ற சீன யாத்திரிகர், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விகாரங்களையும் எண்பது தேவாலயங்களையும் நிகண்டராகிய சமணர் பலரையும் அங்கே குறிப்பிடுகிறார். ஒரே ஊரில் இத்தனை பேர் கூடினால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

வாதத்துக்கு அறைகூவும் முறையும் பலவாறாக இருந்தது. குண்டலகேசி என்பவள் சமணத் துறவியாக இருந்து ஊர்தோறும் சென்று, ஊர்வாயிலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவற்கிளையை நட்டுவிட்டுப் பிக்ஷைக்குப் போவாள் என்றும், வாதிக்க விரும்புகிறவர் அக்கிளையை மிதித்துத் தள்ளலாம் என்றும், கடைசியில் சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்த சங்கத்தில் சேர்ந்தாள் என்றும் பௌத்தக் கதை சொல்லும். அக்கதையைத் தமிழில் நாதகுத்தனார் காப்பியமாகப் பாடி, பிற சமயங்களை, சிறப்பாகச் சமணத்தை, மறுத்தார். அதைக் கண்டு சமணர் சும்மா இருக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு சமணப் புலவர், சுடுகாட்டில் உலவும் பேயாகிய நீலகேசி என்பவளை முனிசந்திரர் என்ற முனிவரைக் கொண்டு திருத்தி, அவளையே வாதப்போருக்கு அனுப்பி, குண்டலகேசியையும் அவளுடைய ஆசிரியர்களையும், ஏன், புத்தரையே நேரில் கண்டும் வாதிட்டு வென்றதாக ஒரு நூல் செய்துவிட்டார். பௌத்தரை முடித்தபின், ஆசீவகன், சாங்கியன், வைசேடிகன், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக அவள் சந்திக்கிறாள். பேயைக் கதாநாயகியாக்கித் தர்க்கம் பேசவைத்த அந்தப் புலவருக்கு நகைச்சுவை உணர்வு மிகுதியும் இருந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு நூல்களில் குண்டலகேசி மறைந்துவிட்டது. தொகைநூல்களிலும் உரைகளிலும் அகப்பட்ட பத்தொன்பது செய்யுட்களே எஞ்சின. அது எப்படி வாதித்தது, எந்தெந்தக் கொள்கையை எவ்வாறு நாட்டியது என்பதை அறிவதற்கு இன்று நமக்குள்ள பெருவழி நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையுமே. அந்த உரையோடு கூடிய நீலகேசியைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அச்சிட்டு உதவினார். இதிலே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வென்றவர் எழுதிய ஏட்டில் தோற்றவர் பேசும் பேச்சு முழுவதும் தோற்றவருடையதாக இருக்க முடியாது. குண்டலகேசி தன் வாயால் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழிகளில் வலியவை எத்தனை விடப்பட்டனவோ! ஆயினும், பாதி திரிந்து வந்த சொல்லும் ஒன்றுமே வராததைவிட மேலானது.

மதுரையில் திருஞானசம்பந்தர் சமணரோடு நிகழ்த்திய வாதத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழர் அனைவரும் அறிந்த கதை அது. ஏட்டை நெருப்பிலிடுவதும் வைகையில் விடுவதும் தெய்வ சாட்சியைக் கேட்பதே தவிர, நியாய சாஸ்திரம் வகுத்த வாதம் ஆகாது. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின் சேக்கிழார் பாடிய புராணத்தில் உள்ள செய்தி. அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதை உரைக்கவில்லை. மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, சமணமலை முதலிய குன்றுகளில் அதற்குப் பிந்திய காலத்துச் சமணச் சிற்பங்களும் எழுத்துக்களும் காணப்படுகின்றன. அதே சேக்கிழார், போதிமங்கையில் சாரிபுத்தன் என்ற பௌத்தத் தலைவனோடு சம்பந்தரின் அடியாராகிய சம்பந்த சரணாலயர் வினாவும் விடையுமாக வாதித்ததையும் பாடியிருக்கிறார். அந்தப் பகுதியைச் சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நெருப்பும் நீரும் கேட்போரைக் கவர்வதுபோல ஏதுவும் திட்டாந்தமும் கவர்வதில்லை போலும்.

ஏறக்குறைய சம்பந்தர் காலத்திலேயே காஞ்சியில் அரசாண்ட மகேந்திரவர்மன் இவ்விஷயத்தை வேறு கண்கொண்டு பார்த்தான். அவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம் என்ற பிரகசனத்தில், காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைக் காணாமல், அதை ஒரு பௌத்த பிக்ஷுவே திருடினான் என்று வழிமறித்து, இருவரும் தத்தம் சாஸ்திரங்களைக் காட்டி வீதியிலே சண்டையிட, பாசுபதன் ஒருவன் நடுவனாக வர, முடிவில் அக்கபாலம் ஒரு நாயின் வாயிலிருந்து ஒரு பித்தன் கைக்கு வந்திருந்தது என்று தெரியவருகிறது. தத்துவ விசாரணை எவ்வளவு விரைவில் ஓட்டுச் சண்டையாக இறங்கிவிடும் என்பதை இவ்வளவு இலேசாகச் சொன்ன அரசன் இன்னொருவன் இருந்தானா என்பது சந்தேகமே.

மாணிக்கவாசகர் தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாதித்தபோது ஊமையாக இருந்த அரசகுமாரியே விடை கூறினாள் என்பது அவரைப் பற்றிய புராணக் கதை. அவ்விடைகளே திருச்சாழல் ஆயின என்பர். சாழல் என்பது மகளிர் விளையாட்டு. ஒருத்தி ஏளனமாக வினவ மற்றொருத்தி விடைகூறித் தோழியை மடக்குவது அதன் போக்கு. உங்கள் கடவுள் சுடலையில் ஆடுகிறாரே, புலித்தோல் உடுக்கிறாரே என்று மாற்றார் செய்யும் பரிகாசமெல்லாம் முதலடிகளில் ஒன்றும் மறைக்கப்படாமல் வந்துவிடுகிறது. திருமங்கையாழ்வாரும் அதே அமைப்பைக் கையாண்டிருக்கிறார். பிறர் தம்மைப் பழிக்கும் சொல்லைத் தம் பாட்டிலேயே எடுத்துவைத்துக்கொள்ளும் துணிவு பக்தர்களுக்கும் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தத் துணிவு சாஸ்திரமாக முதிர்ந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதிகளாகச் செய்தார். தம் சித்தாந்தத்தை நாட்டும் சுபக்கம் பின்னால் வர, பிறர் மதங்களைக் கூறும் பரபக்கம் முன்னால் நிற்கிறது. உலகாயதன், பௌத்தரில் நால்வகையார், நிகண்டவாதி, ஆசீவகன், மீமாம்சகரில் பட்டாசாரியனும் பிரபாகரனும், சப்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியன், நிரீச்சுவர சாங்கியன், பாஞ்சராத்திரி என்று பதினால்வர் அதில் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் அவனுடைய மதம், அதன்பின் மறுதலை என்பது முறை. உலகாயதன் பேசும் பகுதியைத் தனியே எடுத்துப் படித்தால், ஆசிரியர் அவன் கட்சிக்காரரோ என்று ஐயுறும்படி, விரதத்தையும் தவத்தையும் பரலோகத்தையும் அவன் எள்ளி நகையாடும் வேகம் அவ்வளவு உயிரோடு அமைந்திருக்கிறது. அருணந்தியாரின் காலத்தில் ஆசீவகரும் சௌத்திராந்திக பௌத்தரும் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அநேகமாக எதிர்வாதம் செய்ய ஆளில்லாத மதங்களுக்கும் அவர் பீடமிட்டுப் பேசவிட்டார். ஆளில்லாத இடத்தில் பொம்மை செய்து வெட்டுவது எளிது. அவர் அந்த எளிய வழியை நாடவில்லை.

சைவ சித்தாந்திகள் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வட்டங்களாகப் பிரித்தார்கள். வேதத்தையே ஒப்பாதவர்கள் எல்லாருக்கும் அப்பாலும், சிவனையே பரம்பொருளாகக் கொண்டு முத்தி நிலை போன்ற சில நுட்பங்களில் மட்டும் வேறுபடுகிறவர்கள் மிக அருகிலும் நின்றார்கள். அருகில் நிற்பவரோடுதான் வாதம் ஓய்வதில்லை. சகம் 1235, அதாவது கி.பி. 1313 என்ற ஆண்டைத் தன்னுள்ளேயே குறித்துக்கொண்டுள்ள சங்கற்ப நிராகரணம் என்ற நூலில், உமாபதி சிவம் மாயாவாதியைத் தொடக்கத்தில் நிறுத்திவிட்டு, ஐக்கியவாதி, பாடாணவாதி, பேதவாதி, சிவசமவாதி என்று பெரும்பாலும் சைவத்தின் உள்வட்டத்தாரையே அழைத்து, முன்னவனைப் பின்னவன் மறுக்க, அவனை அவனுக்கும் பின் வருபவன் மறுக்க என்று ஒருவர் கையால் ஒருவரைத் தோற்கச் செய்கிறார். கடவுள் உண்டா இல்லையா என்பதில் தொடங்கிய தகராறு, முத்தியில் ஆன்மா இறைவனோடு எவ்வாறு நிற்கும் என்ற நுனிக்கு வந்துவிட்டது.

வைணவத்திலும் இதே கதைதான். யக்ஞமூர்த்தி என்ற அத்வைத சந்நியாசி திருவரங்கத்துக்கு வந்து இராமாநுஜரோடு பல நாட்கள் வாதித்தார் என்றும், தோற்றால் இராமாநுஜரின் பாதுகையைச் சுமப்பதாக அவரும், தோற்றால் இனி நூலெழுதுவதில்லை என்று இராமாநுஜரும் பந்தயம் கூறினார்கள் என்றும் குருபரம்பரை சொல்லும். தோற்ற யக்ஞமூர்த்தி அருளாளப்பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரோடு ஞானசாரம், பிரமேயசாரம் என்ற இரு தமிழ் நூல்களை அச்சம்பிரதாயத்துக்குத் தந்தார். வேற்றுமதத்தானோடு நடந்த அந்த வாதம் ஒரு சீடரைத் தந்தது. ஆனால் பிற்காலத்தில் வடகலை தென்கலை என்று பிரிந்த ஒரே மதத்தாருக்குள் நடந்த வாதமோ, யானைக்கு இடும் திருமண் முதற்கொண்டு கோர்ட்டுகளுக்குப் போய், கடல் கடந்து பிரிவி கவுன்ஸில் வரையில் சென்றது.

இனி, இதுவரை கண்ட வாதிகளினும் வேறுபட்ட ஒருவரைக் காணவேண்டும். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியர், டென்மார்க்கு அரசரின் ஆதரவில் மதப்பிரசாரம் செய்ய வந்தவர். அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார்; இரண்டே ஆண்டில் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் தம் பாஷையில் பெயர்த்தார்; இந்நாட்டாரை ஒழுக்கமறியாத காட்டுமனிதர் என்று ஐரோப்பாவில் எண்ணிக்கொண்டிருப்பது தவறு என்றும் எழுதினார். சத்திரத்துத் திண்ணைகளிலும் மரநிழலிலும் தம் வீட்டு வாயிலிலும் பிராமணரோடும் பண்டாரங்களோடும் வியாபாரிகளோடும் அவர் நடத்திய சம்பாஷணைகளைக் குறித்துவைத்து ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அவற்றுள் முப்பத்துநான்கு 1719-இல் இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அதோடு நில்லாமல், தமிழர் பலருக்கு வினாக்களை எழுதியனுப்பி விடை வாங்கினார். 1712 முதல் 1714 வரையில் அவ்வாறு வந்த தொண்ணூற்றொன்பது கடிதங்கள் ஜெர்மன் மொழியில் அச்சாயின. அவற்றைச் சேர்ப்பதில், ஜெர்மானிய ஏடுகள் அலெப்பா என்று குறிக்கும் துபாஷியின் உழைப்பு மிகுதி.

அக்கடிதங்களின் தமிழ்மூலம் கிடைக்காமற்போனது நமது துரதிர்ஷ்டம். ஜெர்மானிய உடையில் கண்டாலும் எழுதியவர்களின் முகம் தெரிகிறது. ஒவ்வொரு நாட்டாருக்கும் இறைவன் ஒவ்வொரு நெறியை வகுத்திருக்கிறான், அவரவர் தத்தம் நெறியில் நின்று கடைத்தேறலாம் என்று பலர் அமைதியாக எழுதினார்கள். வேறு சிலர் மறுமொழியைச் சித்தாந்தத்தில் தேடாமல் நடத்தையில் தேடினார்கள். உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம். அதைக் கைக்கொண்டவர்கள் பசுவைத் தின்கிறார்கள், குடித்து மயங்குகிறார்கள், குளித்துச் சுத்தமாக இருப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் மதத்தில் நாங்கள் எப்படிச் சேருவது என்பது அவர்கள் கேள்வியின் சாரம். பாதிரியார் அவற்றை மறைக்காமல் எழுதியனுப்பினார். தம் மதமே மெய் என்பதில் அவருக்கு அணுவளவும் ஐயமில்லை. உரையாடல்களில் முடிவுரையும் அவருடையதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆயினும், கேட்டதைக் கேட்டபடி எழுதவேண்டும் என்ற ஒரு நேர்மை அவரிடம் இருந்தது. அதற்கு அவர் பெற்ற பரிசையும் சொல்லவேண்டும். தென்னிந்திய தெய்வங்களின் வமிசாவளியை அவர் 1713-இல் எழுதி அனுப்பியபோது, அஞ்ஞானத்தை வேரறுக்கச் சென்றவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டாம் என்ற கருத்தோடு ஹாலேயில் அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். 1867-இல் ஜெர்மான் என்பவர் சென்னையில் அச்சிடும் வரையில், நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. மாற்றார் சொல்லைப் பதிவு செய்கிறவனுக்குத் தன் சொந்தக் கட்சியிலிருந்தே தடை வருவது புதிதல்ல.

யாழ்ப்பாணத்தில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. நல்லூர் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடைய வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, அவருக்குத் துணையாகப் பைபிளைத் தமிழில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். ஆதலால், 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, எதிர்க்கட்சியின் வேதம் அவருக்கு வரிவரியாகத் தெரிந்திருந்தது. 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், கோயில், தீபம், தூபம், நைவேத்தியம், தீட்டு முதலியவற்றைப் பழித்த பாதிரிமாருக்கு, பழைய ஏற்பாட்டில் எருசலேம் தேவாலயத்தைப் பற்றிக் கூறியுள்ள இடங்களையே அவர் எடுத்துக் காட்டினார். அவருடைய நடையில் இன்சொல் குறைவு; கடுஞ்சொல் நிறைய உண்டு. ஆனால், மாற்றார் நூலைப் படிக்காமல் அதை மறுத்தார் என்று அவரைப்பற்றி யாரும் சொல்ல முடியாது. அதே தீவின் தென்பகுதியில், 1873 ஆகஸ்டு 26-ஆம், 28-ஆம் தேதிகளில், பாணந்துறையில் பௌத்த பிக்ஷுவாகிய மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் டேவிட் டி சில்வா முதலிய பாதிரிமாரும் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் முறைவைத்து வாதித்தார்கள். அந்த வாதங்கள் பத்திரிகையில் வெளிவந்து, அமெரிக்காவிலும் புத்தகமாக அச்சாகி, 1880-இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் இலங்கைக்கு வருவதற்கு ஒரு காரணமாயின. இருதரப்பாருடைய வார்த்தைகளும் ஒரே புத்தகத்தில் அச்சானதுதான் அதன் சிறப்பு.

நாவலர் தம் மதத்தாரோடு செய்த வாதம் இவ்வளவு பயன் தரவில்லை. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களுக்குத் திருவருட்பா என்று பெயரிட்டதை ஒப்பாமல் அவர் தொடங்கிய பூசல், 1869-இல் மஞ்சக்குப்பம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. இருவரும் மறைந்த பின்னரும், நா. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கமும் அருட்பா அன்பர்கள் ஒரு பக்கமுமாகச் சென்னை மேடைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் தொடர்ந்தது. அதையொட்டி எழுந்த வழக்கொன்றில் சாட்சி சொல்லப்போய்த் தம் பரீக்ஷையை இழந்தவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார். இரண்டு பக்கமும் சைவர்களே நிறைந்திருந்த இந்தச் சச்சரவில், அருட்பாவுக்காக எழுந்து பேசிக் கேட்டவர்களைத் தம் வசப்படுத்தியவர் யாரென்றால், கோட்டாற்றைச் சேர்ந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவர்! சீறாப்புராணத்துக்கு உரைகண்ட அவர், ஒரு சைவ அடியாரின் பாட்டைச் சைவர்களுக்கு விளக்கவேண்டியிருந்தது; விளக்கினார்; காஞ்சிபுரத்தில் சைவர்களே அவருக்கு மரியாதை செய்தார்கள். அவர் தம் மார்க்கத்தை விட்டு இம்மியும் விலகியவரல்லர்.

மகாமகோபாத்தியாய சாமிநாதையர் கும்பகோணத்தில் சீவகசிந்தாமணியை ஆராய்ந்தபோது, சமண சமயச் செய்திகள் விளங்காமல் அவ்வூர்ச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். அவர்கள் அந்நூலைப் பாராயணம் செய்பவர்கள். 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. அடுத்து மணிமேகலையை எடுத்தபோது கேட்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பௌத்தர் அகப்படவில்லை. மளூர் ரங்காசாரியர் என்ற நண்பர் ஆங்கில நூல்களிலிருந்து எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் கற்றுக்கொண்டார். 1898-இல் அந்நூல் வெளிவந்தது. ஒரு மதம் ஒரு நாட்டைவிட்டுப் போய்விட்டால், அந்நாட்டின் காப்பியத்தைப் படிக்கக்கூட வேற்றுநாட்டாரின் புத்தகத்தை நாடவேண்டி வருகிறது.

இப்படிப்பட்ட நிலையில் அருணந்தியாரின் பரபக்கத்துக்கு இன்று நேர்ந்திருக்கும் கதிதான் எனக்கு வருத்தந் தருகிறது. சிவஞான முனிவரே சுபக்கத்துக்கு மட்டும் உரைசெய்து நின்றுவிட்டார். பாடஞ் சொல்லுகிறவர்களும் படிக்கிறவர்களும் சுபக்கத்திலேயே தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். பரபக்கத்தைப் பழைய உரையோடு தேடி வாங்குவது எளிதாக இல்லை. சித்தியாரைப் பாடமாக வைத்திருக்கும் மடங்களும் கல்லூரிகளும் முந்நூற்றொரு செய்யுள் கொண்ட அப்பகுதியையும், பொருள் விளங்கும்படி எளிய குறிப்புரையோடு, மலிவான விலையில் அச்சிட்டுத் தரவேண்டும். வகுப்பில் அதையே முதலில் நடத்தவேண்டும். ஆசிரியர் வைத்த வரிசை அதுதான்.